நடிக்க வந்தவளின் கழுத்து

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நலம், உன் நலமறிய ஆவல் என்று பழக்கத்தில் பேனா ஓடப் பார்க்கிறது, நான்தான் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறேன், ஏனென்றால் அந்த முதல் வார்த்தை உண்மையா என்று வியாழக்கிழமைதான் தெரியும். பதறாதே. உட்கார்ந்து நிதானமாகப் படி. போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நான் பாதி சொல்வதற்குள், டாக்டருக்குப் படிக்கிற நீ மகனாக இருப்பதை விட்டுவிட்டு டாக்டராகவே ஆகிவிடுவாய், கேள்வி மேல் கேள்வி கேட்பாய், எனக்குச் சொல்ல வந்ததெல்லாம் மறந்துபோகும். அதனால் எழுதுகிறேன், அப்பா இதைப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவார். அவர் நன்றாக இருக்கிறார், முழங்கால் வலி மட்டும் மாடிப்படியைப் பார்த்தாலே வந்துவிடுகிறது. குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, பிளம்பர் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லியே காலத்தை ஓட்டுகிறார்.

மருத்துவக் கல்லூரியில் நான் நோயாளியாக நடித்துக்கொண்டிருப்பது உனக்குத் தெரிந்த கதைதான். மாணவர்கள் பெருகிவிட்டார்கள், வார்டில் வலியோடு படுத்திருப்பவரைச் சுற்றி இருபது பேர் நின்று ஆளுக்கொரு தரம் வயிற்றை அழுத்தினால் யார்தான் பொறுப்பார்கள், அதனால் எங்களைப் போன்றவர்களுக்கு வேடம் கொடுத்து உட்கார வைக்கிறார்கள். போன மாதம் மட்டும் எனக்கு மாரடைப்பு, குடல்வால், மருமகளோடு சண்டை போட்டுத் தூக்கம் கெட்ட மாமியார் என்று ஓயாத வேலை. சம்பளம் வாங்கிக்கொண்டு புலம்புகிற ஒரே பெண் உன் அம்மாதான் என்று அப்பா கிண்டல் செய்கிறார். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது, இப்போதும் பிடித்திருக்கிறது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் இறுதியாண்டுப் பிள்ளைகளுக்குத் தேர்வு. ஒரு நீளமான கூடம், நடுவில் துணித் தடுப்புகள், ஒவ்வொரு தடுப்புக்குள்ளும் ஒரு நோயாளி, ஒரு தேர்வாளர், மணி அடித்தால் மாணவர் அடுத்த தடுப்புக்குப் போய்விட வேண்டும். எனக்கு வந்த வேடம் எப்போதும் களைப்பாக இருக்கிற, எடை ஏறிக்கொண்டே போகிற பெண். அவர்கள் என் பின்னால் நின்று கழுத்தில் தைராய்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும், தண்ணீர் விழுங்கச் சொல்ல வேண்டும், பிறகு கழுத்து நார்மல் என்று சொல்ல வேண்டும், தேர்வாளர் கையில் இருந்த விடைத்தாளில் அப்படித்தான் அச்சடித்திருந்தது. காலையிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் படு சுறுசுறுப்பு. விரல் பட்டதும் தெரியவில்லை, எடுத்ததும் தெரியவில்லை. நடிக்க வந்தவள் கழுத்தில் என்ன இருந்துவிடப் போகிறது என்று அவர்களுக்கும் தெரியும் அல்லவா. நான் நோயாளியாக நடித்தேன், அவர்கள் தொட்டுப் பார்ப்பதாக நடித்தார்கள், இரண்டு பக்கமும் நடிப்பு பிரமாதம், எல்லோருக்கும் முழு மதிப்பெண்.

கடைசியில் ஒரு பெண் வந்தாள், கூடப் படிப்பவர்கள் அவளுக்கு வைத்திருக்கிற பெயர் ஆமை. எந்தத் தடுப்பிலும் மணி அடிப்பதற்குள் முடித்ததில்லையாம். உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, கை வைக்கட்டுமாம்மா என்று கேட்டுவிட்டுத்தான் தொட்டாள். ஒரு வாய் தண்ணீர் விழுங்கச் சொன்னாள். பிறகு இன்னொரு வாய். அப்புறம், இன்னும் ஒரு தடவை மட்டும் விழுங்குங்கம்மா என்றாள், குரல் மாறியிருந்தது. மணி அடித்துவிட்டது, அவள் கையை எடுக்கவில்லை. சார், வலது பக்கம் ஒரு சின்னக் கட்டி இருக்கு, விழுங்கும்போது மேல ஏறுது என்றாள். தேர்வாளர் தாளைப் பார்த்தார், அவங்க நடிக்க வந்தவங்கம்மா, கழுத்துல ஒண்ணும் கிடையாது, நீயா கற்பனை பண்ணாதே என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, நடிக்க வந்தாலும் கழுத்து அவங்களோடதுதானே சார் என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தத் தடுப்பில் அவளுக்குச் சுழியம். அதனாலேயே மொத்தத் தேர்விலும் தோல்வி, இன்னும் ஆறு மாதம் கழித்துத்தான் எழுத முடியும்.

வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று குடம் தண்ணீரைக் காலி செய்தேன், அப்பா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒன்றுமே இல்லை என்றார், அவர் தேடினால் கண்ணெதிரே இருக்கிற மூக்குக்கண்ணாடியே கிடைக்காது. மறுநாள் வேறு மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தோம். வலது பக்கம் கட்டி இருக்கிறது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை. இந்த மாதிரிக் கட்டிகளில் பெரும்பாலானவை ஒன்றும் செய்யாது, ஆனால் இதன் விளிம்பு எனக்குத் திருப்தியாக இல்லை என்று அந்த டாக்டர் சொல்லி, ஊசியால் கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார். முடிவு வியாழக்கிழமை. பயமாகத்தான் இருக்கிறது, உன்னிடம் மறைப்பானேன். அப்பா பேச்சைக் குறைத்துவிட்டார், நான் தும்மினால்கூட எழுந்து வந்து பார்க்கிறார்.

ஸ்கேனை எடுத்துக்கொண்டு கல்லூரிப் பயிற்சித் தலைவியிடம் போனேன். நல்ல பெண்மணி, இந்த நடிப்புத் திட்டத்தையே அவர்தான் கெஞ்சிக் கூத்தாடிக் கொண்டுவந்தார். பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்க சிகிச்சைக்கு என்ன வேணுமோ நான் பார்த்துக்கறேன், ஆனா இது வெளியில போனா திட்டத்தையே மூடிடுவாங்க, மூத்தவங்க சிலர் அதுக்குத்தான் காத்திருக்காங்க, மறுபடி வார்டுல நோயாளியைப் போட்டு அமுக்கற காலம்தான் வரும் என்றார். அவர் சொன்னது பொய்யில்லை, அதுதான் கஷ்டம். இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வாயை மூடிக்கொண்டால் அந்தப் பெண் தன் கையையே நம்பாமல் போய்விடுவாள், அடுத்த முறை அவளும் சட்டென்று தொட்டுவிட்டு நார்மல் என்று சொல்லித் தேறிவிடுவாள். அவளை அப்படித் தேற வைத்துவிட்டு நான் எந்த முகத்தோடு உனக்கு அம்மாவாக இருப்பது.

தோல்வியை எதிர்த்து அவள் முறையிட்டிருந்தாள், நேற்று அதற்கான கூட்டம். கூப்பிடாமலே போனேன். ஸ்கேனை மேசையில் வைத்து, அந்தப் பெண்ணின் கையில் தப்பில்லை, உங்கள் தாளில்தான் தப்பு என்றேன். திட்டத்தை மூடச் சொல்லி நான் வரவில்லை, இன்றைக்கு நான் நடிக்கவில்லை, அத்தனை பேரையும் கூப்பிட்டு இந்தக் கழுத்தை வைத்தே சொல்லிக்கொடுங்கள், கட்டியை அறுத்து எடுத்துவிட்டால் அப்புறம் கேட்டாலும் கிடைக்காது என்றேன். தேர்வாளர் எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தார், தொடலாமா என்று கேட்டுவிட்டு என் பின்னால் நின்றார், ரொம்ப நேரம் கையை எடுக்காமல் இருந்து, இருக்கு என்றார், அவ்வளவுதான். பிறகு பிள்ளைகளைக் கூப்பிட்டனுப்ப, ஒவ்வொருவராக வந்தார்கள், வகுப்பிலேயே முதலாவதாக வருகிற பையன் என்னை மூன்று தடவை தண்ணீர் விழுங்கச் சொன்னான். அந்தத் தடுப்பின் மதிப்பெண்ணை எல்லோருக்கும் ரத்து செய்துவிட்டார்கள், அதனால் அந்தப் பெண் தேறிவிட்டாள். இனிமேல் நடிக்க வருகிறவர்களை முன்கூட்டியே ஒரு டாக்டர் பரிசோதிப்பாராம், விடைத்தாளில் கைக்குத் தெரிந்ததை எழுத ஒரு இடமும் விடுவார்களாம். அவளுக்கு முழு மதிப்பெண் கொடுக்க வேண்டும் என்று நான் மல்லுக்கு நின்றேன், அவள்தான், போதும்மா, நீங்க வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க என்று என்னை அதட்டி அனுப்பினாள்.

இனி நான் எழுதவே தயங்கியது. போன விடுமுறையில் உன் தேர்வுக்காக என்னைச் சமையலறை ஸ்டூலில் உட்கார வைத்து, பின்னால் நின்று கழுத்தைத் தொட்டுப் பார்த்து, எல்லாம் நார்மல்மா என்றாய், நான் கரண்டியால் உன் முதுகில் தட்டி நூற்றுக்கு நூறு என்றேன். கட்டி என்று படித்த உடனே உனக்கு அந்த ஸ்டூல்தான் ஞாபகம் வந்திருக்கும், பெற்றவளுக்குத் தெரியாதா. அப்போது அது இருந்ததா இல்லையா என்று டாக்டரிடம் கேட்டேன், சொல்ல முடியாது என்றார். உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, தெரியாததற்காக ராத்திரி பகல் உட்கார்ந்து உன்னை நீயே அடித்துக்கொள்ளாதே. படிப்பை விட்டுவிட்டு ஓடியும் வராதே, பாதிக் கிணறு தாண்டி நிற்கிறாய், மீதியையும் தாண்டிவிட்டு வா. வியாழக்கிழமை எந்த முடிவு வந்தாலும் ஒரு வார்த்தை மறைக்காமல் நானே போன் செய்து சொல்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வார்டுக்குப் போகாதே. உன் கையால் நாலு பேர் பிழைக்க வேண்டும், அதற்கு என் ஆசி எப்போதும் உண்டு. ஒன்றே ஒன்றை மட்டும் மறக்காதே, தேர்வு முடிந்து வந்ததும் பெட்டியை வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு என் பின்னால் வந்து நில். தையல் போட்டிருந்தாலும் பரவாயில்லை. மெதுவாகத் தொட்டுப் பார், எத்தனை வாய் தண்ணீர் வேண்டுமானாலும் விழுங்குகிறேன்.

உன் கைக்குக் காத்திருக்கும்,
அம்மா