ஞாயிறு சாயங்கால வண்டி

அஞ்செட்டி
12-11-1968

அன்பு மகள் அருள்செல்விக்கு, அப்பா சொல்லச் சொல்ல மிஷன் பள்ளிக்கூடத்து கிருபாராணி டீச்சர் எழுதுவது. இங்கே நான் சுகம். பெங்களூர் ஆஸ்பத்திரியில் நீயும் சுகமாய் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

ராகி அறுப்பு ஆகிவிட்டது. மழை நின்றபாடில்லை, கதிரைக் காயவைக்க இடமில்லாமல் ஊரே தவிக்கிறது. சிவப்பு மாடு கன்று போட்டிருக்கிறது, கிடாரி. சீம்பாலை நான் ஒருவன் எவ்வளவு குடிக்க? மாதப்பன் வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

மாங்காய்க் காலத்தில் வந்தவள் நீ. அன்றைக்கு நீலப் புடவை. வலது செருப்பு வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தாய். ஓசூர் போகிற சாயங்கால வண்டிக்காகப் பையோடு நின்றோம். ஞாயிற்றுக்கிழமை ஆள் இல்லையென்று வண்டியை அனுப்பாமலே விட்டுவிட்டார்கள். இருட்டும்வரை நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினோம். நீ அழவில்லை, சாப்பிடவும் இல்லை. திங்கட்கிழமை மத்தியானம் போய்ச் சேர்ந்ததற்கு, இன்னொரு தடவை இப்படியானால் வேலை கிடையாது என்று மேட்ரன் சொன்னதாக எழுதியிருந்தாய். லீவு ஞாயிறு ஒரு நாள்தான், சாயங்கால வண்டி நிச்சயம் என்றால்தான் இனி வருவேன் என்றும் எழுதியிருந்தாய். அதை டீச்சர் ஒரு தடவைதான் வாசித்தார். எனக்கு அது போதும்.

அதற்குப் பிறகு நடந்ததை உனக்குத் தெரிவிக்கவில்லை. வண்டி காலியாய்ப் போனால்தானே நிறுத்துவார்கள்? அதனால் ஞாயிறுதோறும் சாயங்காலம் அந்த வண்டியில் நானே ஏறிக்கொள்கிறேன். தேன்கனிக்கோட்டை வரை போவேன். அங்கிருந்து திரும்பிவர அன்றைக்கு வேறு வண்டி கிடையாது. முனிராஜ் டீக்கடை பெஞ்சில் படுத்துக் கிடந்து காலை வண்டியில் வருவேன். வயசான காலத்தில் இதென்ன வேலை என்று முனிராஜ் கன்னடத்தில் திட்டுவான். அப்புறம் போர்த்திக்கொள்ளச் சாக்கு தருவான்.

கண்டக்டர் ஆஞ்சப்பனுக்கு என்னைக் கண்டாலே குஷி. "என்னா தாத்தா, கோட்டையில சின்ன வீடு கீது வெச்சிருக்கியா, வாரம் தவறாம கெளம்பிர்றே?" என்று வண்டி முழுக்கக் கேட்கிறாற்போல் கேட்டான். வண்டி முழுக்க என்றால் நானும் கோழிக்கூடையோடு வந்த வெங்கடம்மாளும்தான். இதையெல்லாம் எழுத மாட்டேன் என்று டீச்சர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். என் மகள் சிரிக்கட்டும், எழுதுங்கள் என்றேன்.

நர்சு வேலை பார்க்கிற மகள், வந்தால் அன்றைக்கே திரும்பிப் போக வண்டி வேண்டும், அதற்குத்தான் என்று அவனிடம் சொன்னேன். அன்றோடு கேலி நின்றது. இப்போது காற்று அடிக்காத சீட்டாகப் பார்த்து என்னை உட்காரவைக்கிறான்.

போன ஞாயிறு வெங்கடம்மாளும் வரவில்லை. நான் ஒருத்தன்தான். கோட்டையில் இறங்கும்போது ஆஞ்சப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தாத்தா, டிசம்பர் பொறந்தா ஞாயித்துக்கெழம சாயங்காலம் இந்த வண்டி கெடையாது. மொதலாளி சொல்லிட்டாரு. ஒங்க ஒரு டிக்கெட்டுக்கு எத்தினி நாள் ஓட்டுவாங்க?" என்றான். முதலாளிக்கு டீசல் காசாவது தேற வேண்டாமா?

ஆகையால் வருகிற ஞாயிறு வா. முடியாவிட்டால் அதற்கு அடுத்த ஞாயிறு. அந்த இரண்டுக்கும் வண்டி கட்டாயம் வரும், டிரைவரிடமும் கேட்டுவிட்டேன். உன் வேலைக்கு ஒன்றும் வராது.

என் காலில் கொஞ்சம் வீக்கம். செருப்பு ஏறமாட்டேன் என்கிறது. குளிர்தான், வேறொன்றும் இல்லை. டீச்சர் தானாக ஏதாவது சேர்த்து எழுதினால் நம்பாதே.

நீ வந்தால் கோயில், அம்மா கல்லறை, சமையல் என்று பகல் ஓடிவிடும். பேச நேரம் இருக்காது. அதனால் சாயங்காலம் உன்னை ஏற்றிவிட்டு நான் இறங்கப்போவதில்லை. கோட்டை வரை பக்கத்தில் உட்கார்ந்து வருகிறேன். காட்டு ரோடு, வண்டி மெதுவாகத்தான் போகும். நீ ஒன்றும் பேசாமல் தூங்கிவிட்டாலும் சரி.

நீ ஏறுகிற வண்டியிலெல்லாம் மாதா துணையிருக்கட்டும். வா கண்ணு.

இப்படிக்கு,
உன் அப்பா
ஜெபராஜ், கைநாட்டு