டிரம்ஃபாட் மலைச் சுவர்

லங்காஸ்டர்
20 பிப்ரவரி 2012

கார்ஸ்லாரி ஆற்றங்கரை விடுதியை நடத்தும் அம்மையாருக்கு,

வணக்கம். கம்ப்யூட்டர் எனக்குக் கைவராத விஷயம் என்பதால் கடிதம் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 10 முதல் மூன்று இரவு தங்க ஓர் அறை வேண்டும். நான் ஒருவன்தான். ஒவ்வொரு வசந்தத்திலும் நானும் என் மனைவி ஹில்டாவும் இப்படி ஏதாவது ஒரு சின்ன ஊருக்கு நாலு நாள் போய்வருவது வழக்கம். போன அக்டோபரில் அவள் இறந்துவிட்டாள். இந்த வருஷம் போகவேண்டாம் என்றுதான் இருந்தேன். பிறகு உங்கள் ஊருக்கு மட்டும் ஒருமுறை வந்துவிட வேண்டும் என்று தோன்றியது.

எனக்கு அறுபத்தாறு வயது. முழங்கால் சரியில்லை, கீழ்த்தளத்தில் அறை இருந்தால் நல்லது. சாப்பாட்டில் எதுவும் ஒதுக்கமாட்டேன்.

இன்னொன்று. ஊருக்கு மேலே டிரம்ஃபாட் என்று ஒரு ஆட்டுப்பண்ணை இருந்தது. ஆர்ச்சி மக்கலக் என்பவர் வைத்திருந்தார். அவரை ஒருமுறை வேலை நிமித்தமாகச் சந்தித்திருக்கிறேன். இன்னும் அங்கேதான் இருக்கிறாரா? மலைக்குப் போகப் பாதை திறந்திருக்கிறதா?

தங்கள் உண்மையுள்ள,
எட்வின் ஹார்பாட்டில்


கார்ஸ்லாரி
5 மார்ச் 2012

அன்புள்ள திரு. ஹார்பாட்டில்,

உங்கள் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் தாமதமானதற்கு வருந்துகிறேன். மனைவியை இழந்திருக்கிறீர்கள் என்று படித்துச் சங்கடமாக இருந்தது. முதல் வருஷம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும்.

கீழ்த்தள அறை உங்களுக்கு எடுத்து வைத்திருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் ஆறு. ஊரைப் பற்றிப் பெரிதாக எதிர்பார்த்து வராதீர்கள். வங்கியை மூடிவிட்டார்கள், கம்பளிக் கடையும் போய்விட்டது, ரொட்டிக்கடை வாரத்தில் மூன்று நாள்தான். டம்ஃப்ரீஸிலிருந்து வரும் பஸ் சதுக்கத்திலேயே நிற்கும், அங்கிருந்து இரண்டு நிமிட நடை.

ஆர்ச்சி மக்கலக் இப்போது டிரம்ஃபாடில் இல்லை. வீடு பூட்டிக் கிடக்கிறது. மலையின் ஒரு பக்கம் முழுக்க மரக் கம்பெனிக்காரர்கள் ஊசியிலைக் கன்று நட்டிருக்கிறார்கள். பாதை திறந்துதான் இருக்கிறது, யாரும் தடுக்கமாட்டார்கள். நல்ல பூட்ஸ் கொண்டுவாருங்கள், ஏப்ரலிலும் சேறுதான்.

வாருங்கள்.

நெட்டா கெர்


லங்காஸ்டர்
17 ஏப்ரல் 2012

அன்புள்ள திருமதி கெர்,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். மூன்று நாளும் நீங்கள் பார்த்துக்கொண்ட விதத்துக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஓட்ஸ் கஞ்சியை எனக்காக ஒருவர் அவ்வளவு நேரம் நின்று கிளறி நாளாகிறது. ஹில்டாவின் கடைசி மாதங்களில் நான்தான் அவளுக்குக் கிளறிக் கொடுப்பேன், அடிப்பிடித்துவிடும். ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுவாள்.

ஒவ்வொரு காலையும் நீங்கள் எதிரில் உட்கார்ந்து, "நேத்து எந்தப் பக்கம் போயிருந்தீங்க?" என்று கேட்டீர்கள். "சும்மா, கால் போன பக்கம்" என்றேன் நான். அது பொய். உங்களிடம் இதைச் சொல்லலாம் என்று இரண்டு தடவை வாயெடுத்தேன், வரவில்லை. ஊருக்கே அந்நியனான நான் சொல்வதை உங்களைப் போல் ஒருவர்தான் காதுகொடுத்துக் கேட்பார் என்று இப்போது எழுதுகிறேன்.

நான் கால்நடை மருத்துவன். 2001இல் கோமாரி நோய் வந்தபோது உங்கள் பக்கத்துக்கு அனுப்பப்பட்டவர்களில் ஒருவன். நோய் கண்ட பண்ணையை ஒட்டிய பண்ணைகளிலும் எல்லாவற்றையும் கொன்றுவிட வேண்டும் என்பது உத்தரவு. ஆனால் எல்லையைச் சுற்றி நடந்து பார்த்து, கால்நடைகள் ஒன்றோடொன்று சேர வழியே இல்லையென்றால், விட்டுவிடலாம் என்று எழுதிக்கொடுக்கும் அதிகாரம் எனக்கு இருந்தது. சில பண்ணைகளில் டிராக்டரைக் குறுக்கே நிறுத்தி வழிமறித்தார்கள். அங்கெல்லாம் திரும்பிப் போய், மறுநாள் நிதானமாக வந்து எல்லையை நடந்து பார்த்தேன். அப்படி இரண்டு மந்தைகள் தப்பின.

டிரம்ஃபாடில் கேட் திறந்து கிடந்தது. நேரே முற்றத்துக்குப் போய்விட்டோம். கீழே, ஒட்டிய பண்ணையில் லாக்லன் கோர்லேயின் மாடுகளுக்கு நோய் கண்டு இரண்டு நாளாகியிருந்தது. மக்கலக் கையில் தொப்பியோடு மழையில் நின்றார். "அய்யா, ஒருதடவ மேல வந்து பாத்துட்டுப் போயிருங்க. அங்க இருக்கறது ரெட்டைச் சுவரு. நடுவுல ஓடை ஓடுது. லாக்லன் மாடு என் ஆட்ட மோந்துகூடப் பாத்ததில்ல" என்றார். ஐந்து வாரமாக நான் சரியாகத் தூங்கவில்லை. "மழை விடட்டும், பாக்கலாம்" என்றேன். மழை விடவில்லை. படிவத்தில், எல்லையை நேரில் பார்த்தேன் என்ற கட்டத்தில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

நானூற்றுப் பன்னிரண்டு பெட்டை ஆடுகள். பாதிக்கு மேல் குட்டி போட்டிருந்தன, மிச்சம் சினை. மக்கலக் தானே ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுத்தார். "பழகாத கை பட்டா மிரளும்" என்றார். சாயங்காலம் நாலு மணிக்கு முடிந்துவிட்டது. மே மாதம் ரத்தப் பரிசோதனை முடிவு என் மேசைக்கு வந்தது. ஒரு ஆட்டுக்கும் நோய் இல்லை. அவருக்கு நான் எழுதவில்லை. துறை எழுதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இந்தத் தடவை இரண்டாம் நாள் மலைக்குப் போனேன். இந்த முழங்காலோடு ஏற இருபத்தைந்து நிமிடம் ஆனது. அவர் சொன்னது போலவே இருக்கிறது. இரண்டு சுவர், நடுவில் ஓடை. இரண்டும் என் தோள் உயரம்.

இறங்கி வரும்போது ரொட்டிக்கடையில் அவரைப் பற்றி விசாரித்தேன். "டிரம்ஃபாடா? அங்கேருந்துதான் நோவு கிளம்புச்சு. அந்த ஆளு மூடி மறைச்சிட்டாரு, அப்புறம் செத்தும் போயிட்டாரு. லாக்லன் குடும்பம்தான் பாவம்" என்றாள் கடைக்காரப் பெண், பாக்கெட் கட்டிக்கொண்டே. அதன்பிறகு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். அவர் கல்லில், நவம்பர் 2001 என்று இருக்கிறது. ஜேனட்டின் கணவர் என்றும்.

அந்த ஜேனட் உயிரோடு இருந்தால், எங்கே இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரிந்தால், இந்தக் கடிதத்தை அவரிடம் கொடுங்கள். இதை எழுதி முடித்ததும் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது போலிருக்கிறது. பதினோரு வருஷத்தில் முதல் தடவை.

நன்றியுடன்,
எட்வின் ஹார்பாட்டில்


கார்ஸ்லாரி
26 ஏப்ரல் 2012

திரு. ஹார்பாட்டில்,

ஜேனட்டைத் தேடவேண்டியதில்லை. நான்தான். சிறு வயதிலிருந்தே நெட்டா என்று கூப்பிடுவார்கள். கெர் என் பிறந்த வீட்டுப் பெயர். விடுதி ஆரம்பித்தபோது அதைப் போட்டுக்கொண்டேன், மக்கலக் என்று பலகையில் இருந்தால் சுற்றுவட்டாரத்து ஊர்க்காரர்கள் யாரையும் அனுப்பமாட்டார்கள் என்பதால்.

பிப்ரவரியில் உங்கள் கடிதத்தின் அடியில் கையெழுத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அதே கையெழுத்துப் போட்ட தாள் என் அலமாரியில் இருக்கிறது. வரவேண்டாம் என்று மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். பிறகு, இந்த மனிதர் ஏதோ சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்தேன். மூன்று காலையும் அதற்காகத்தான் உங்கள் எதிரில் உட்கார்ந்தேன். நீங்கள் முட்டையைச் சாப்பிட்டுவிட்டு வானிலையைப் பற்றிப் பேசினீர்கள்.

அன்று உங்கள் ஆட்களுக்கு ஜன்னல் வழியே டீ எடுத்துக் கொடுத்தது நான். உங்களுக்கும் ஒன்று கொடுத்தேன். அப்போது என் தலைமுடி கறுப்பு, உடம்பும் இதைப் போல இரண்டு மடங்கு. உங்களுக்கு அடையாளம் தெரியாததில் ஆச்சரியமில்லை.

எல்லையை நீங்கள் பார்க்கவில்லை என்பது ஆர்ச்சிக்கும் தெரியும். அதற்குப் பிறகு தினம் மேலே போவார், கயிற்றால் சுவரை அளப்பார், எழுதிவைப்பார். பரிசோதனை முடிவு கேட்டு இரண்டு கடிதம் போட்டார். நோய் இல்லை என்று எங்களுக்கு ஒரு தாள்கூட வரவில்லை. அதற்குள் நோயைக் கொண்டுவந்தது டிரம்ஃபாட்தான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. லாக்லன்தான் முதலில் சொன்னான். சந்தையில் இவர் பக்கத்தில் நிற்கமாட்டார்கள். நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை அவர் மதியச் சாப்பாட்டுக்கு வரவில்லை. கொட்டகைக்குப் போய்ப் பார்த்தேன்.

இதுவரை எழுதியது எனக்குப் பழகிப்போனது. உங்கள் கடிதத்தில் பழகாத ஒன்று இருக்கிறது.

அன்று காலை ஆர்ச்சி டிராக்டரைக் கேட்டுக்குக் குறுக்கே கொண்டுபோய் நிறுத்தினார். நான்தான் பின்னாலேயே ஓடினேன். "விட்ருங்க ஆர்ச்சி, போலீஸ கூட்டிட்டு வருவாங்க. எப்படியும் நடக்கப்போறதுதான், மானத்தோட நடக்கட்டும்" என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வண்டியை எடுத்தார். கேட்டைத் திறந்து கல் முட்டுக் கொடுத்தது என் கை.

மறித்த பண்ணைகளுக்கு நீங்கள் மறுநாள் போய் நடந்து பார்த்தீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு மந்தை தப்பின என்றும். இது எனக்கு இத்தனை வருஷம் தெரியாது. என்ன செய்திருந்தாலும் இப்படித்தான் முடிந்திருக்கும் என்று நம்பித்தான் நான் காலையில் எழுந்து விருந்தாளிகளுக்குக் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தேன். நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது என்று எழுதியிருந்தீர்கள். அது எங்கே வந்து இறங்கியது என்று சொல்லிவிட்டேன்.

உங்களைத் திட்டவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். நீங்கள் எனக்கு எழுதியதை எங்கள் வாரப் பத்திரிகைக்கு உங்கள் பெயரில் எழுதுங்கள். டிரம்ஃபாடில் நோய் இல்லை என்று. ரொட்டிக்கடைப் பெண்ணும் லாக்லனும் அதைப் படிக்கவேண்டும்.

ஜேனட் மக்கலக்


லங்காஸ்டர்
14 மே 2012

அன்புள்ள திருமதி மக்கலக்,

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. உங்கள் கையால்தான் சாப்பிட்டேன் என்பதை நினைத்தால் என்னால் உட்கார முடியவில்லை.

பத்திரிகை விஷயம் குறித்து என் மகள் ஃபிலிப்பாவிடம் பேசினேன். அவள் வக்கீல். "அப்பா, பாக்காம கையெழுத்துப் போட்டேன்னு நீங்களே அச்சுல போட்டீங்கன்னா அது எங்க போய் நிக்கும்னு தெரியுமா? அந்தம்மாவுக்கு நேர்ல போய் மன்னிப்பு கேளுங்க, அதோட விடுங்க" என்கிறாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. என்னோடு வேலை பார்த்த மற்றவர்கள் பெயரும் இதில் கெடும். இத்தனை வருஷத்துக்குப் பிறகு யாருக்கு என்ன லாபம் என்றும் யோசிக்கிறேன்.

நீங்கள் சம்மதித்தால் செப்டம்பரில் வருகிறேன். உங்கள் முன்னால் நின்று கேட்கவேண்டியதைக் கேட்கிறேன். உங்களுக்கு எழுதியது உங்களுக்கு மட்டும் எழுதியது என்பதை மனதில் வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வருத்தத்துடன்,
எட்வின் ஹார்பாட்டில்


கார்ஸ்லாரி
11 ஜூன் 2012

திரு. ஹார்பாட்டில்,

இத்துடன் போன வியாழக்கிழமைப் பத்திரிகை இருக்கிறது. ஐந்தாம் பக்கம் பாருங்கள்.

உங்கள் ஏப்ரல் கடிதத்தை ஒருவரிடம் கொடுக்கச் சொல்லித்தான் எழுதியிருந்தீர்கள். ஜேனட்டிடம் கொடுங்கள் என்று. ஜேனட்டிடம் வந்துவிட்டது. அவள் பத்திரிகை ஆசிரியரிடம் கொடுத்தாள். உங்கள் மனைவிக்குக் கஞ்சி கிளறியது, அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டது, அந்த வரிகளை மட்டும் எடுத்துவிட்டேன். அது உங்கள் வீட்டு விஷயம். மற்றபடி ஒரு வார்த்தை மாற்றவில்லை.

கடைசியில் ஒரு பத்தி நான் சேர்த்திருக்கிறேன். கேட்டைத் திறந்தது யார் என்று. ஆசிரியர் சின்ன வயசுக்காரர், தயங்கினார். "இது எதுக்கும்மா? உங்க மேல யாரும் குத்தம் சொல்லலியே" என்றார். போடுங்கள் என்றேன். நீங்கள் செய்ததை மட்டும் ஊர் படித்து, நான் செய்ததை நான் மட்டும் வைத்துக்கொள்வது சரியாகப் படவில்லை.

ரொட்டிக்கடைப் பெண் சனிக்கிழமை என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். அவள் அம்மாதான் வந்து ரொட்டி எடுத்துக் கொடுத்தாள். லாக்லன் அன்று சாயங்காலம் வாசலுக்கு வந்தான். கிழவனாகிவிட்டான், மூச்சு வாங்கியது. தான் சொன்னதைப் பற்றி ஏதாவது பேசுவான் என்று நின்றேன். "கேட்டத் தொறந்தது நீயா நெட்டா?" என்றான்.

ஆமாம் என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு, படியைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனான். மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கூப்பிடவில்லை.

செப்டம்பரில் வரவேண்டாம். உங்கள் மேல் உள்ள கோபத்தால் சொல்லவில்லை. நீங்கள் என் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டால் நான் ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதிலைச் சொல்லவேண்டியவர் நான் இல்லை.

நேற்று காலை பத்திரிகையை எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். முழுவதும் உரக்கப் படித்தேன். என் பத்தி வந்ததும் ஈரப் புல்லில் உட்கார்ந்தேன். பிறகு அதையும் படித்து முடித்தேன்.

ஜேனட் மக்கலக்