மூன்று கிலோ இழுவை

14-7-86, திங்கள்

பட்டறைக்கு ஆட்டுக்குடல் லோடு பத்து மணிக்குத்தான் வந்தது. அதற்குள் வெயிலில் நாற்றம் குடலைப் பிடுங்கியது. அலசி, வழித்து, இழை இழையாகக் கிழித்து முறுக்கு ராட்டையில் ஏற்றும்போது மணி நாலு. டென்னிஸ் மட்டைக்கு நரம்பு திரிக்கிற என்னைக் கண்டால் பம்மல் நாய்களுக்கெல்லாம் கொண்டாட்டம். வீடு வரை கூடவே வருகின்றன.

வீட்டில் ஐசக் லூட்டை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். என் பெண்டாட்டி அம்மணியின் தம்பி, எங்களோடுதான் இருக்கிறான். காலேஜ் வேலையை விட்டு ஊர் திரும்பிய வெள்ளைக்கார வாத்தியார் அவனுக்குக் கொடுத்துவிட்டுப் போன வாத்தியம் அது. கிதார் ஜாதி, முதுகு மட்டும் பாதிப் பூசணிக்காய். அதில் கட்டியிருக்கும் நைலான் சரியில்லையாம். முன்னூறு வருஷத்துக்கு முன்னால் இதற்கு ஆட்டுக்குடல் நரம்புதான் கட்டுவார்களாம். "மாமா, நீங்கதான் செஞ்சு தரணும்" என்றான்.

ஆகஸ்ட் பத்தாம் தேதி பெங்களூர் சங்கீதப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒருவர் வந்து இவன் வாசிப்பைக் கேட்கிறார். பிடித்தால் வேலை. "இதெல்லாம் ஒரு மேட்டராடா?" என்றேன். அம்மணிக்கு முகமெல்லாம் பல். அம்மா செத்த பிறகு அவனை வளர்த்தவள் அவள்தான்.

20-7-86, ஞாயிறு

வாத்தியார் எழுதிக் கொடுத்த தாளைக் காட்டினான். ஒரு நரம்புக்கு மூன்று கிலோ இழுவை போதுமாம். மெல்லிசாகத் திரிக்கணும், பதமாக ஏற்றணும். நான் சிரித்துவிட்டேன். என் நரம்பு இருபத்தைந்து கிலோ கல்லைத் தொங்கவிட்டாலும் தாங்கும். மூன்று கிலோ என்றால் காய்கறிப் பை!

"நரம்பு தாங்கும் மாமா. பலகை அப்பளம் மாதிரி, அது தாங்காது" என்றான். பார்க்கலாம்.

2-8-86, சனி

ஐசக் ஆபீஸ் போயிருந்தான். வந்து பார்த்து அசந்துபோகட்டும் என்று நானே கட்டிவிட்டேன், இருக்கிற மட்டை நரம்பிலேயே மெல்லிசாகப் பார்த்து. ஏற்ற ஏற்றச் சத்தம் கூடியது. நரம்பை இறுக்குகிற ஆணி கையால் திரும்பவில்லை, குறடு போட்டேன். ஆஹா, என்ன கணீர்! பக்கத்து வீட்டு கங்கம்மா எட்டிப் பார்த்து, "இன்னாபா, வூட்ல கல்யாணமா?" என்றாள். பெட்டியில் வைத்து மூடினேன். அவன் வரும்போது நான் தூங்கிவிட்டேன்.

3-8-86, ஞாயிறு

சர்ச்சிலிருந்து வந்து பெட்டியைத் திறந்தான். நரம்பு கட்டியிருந்த கட்டை மேல்பலகையைப் பிய்த்துக்கொண்டு வந்திருந்தது. உள்ளே சட்டங்களும் முறிந்துவிட்டன.

கத்தவில்லை. "சொன்னேனே மாமா. எதையும் இழுத்துப் பாத்தாத்தான் உங்களுக்குத் தூக்கம் வரும்" என்றான். அவ்வளவுதான்.

மன்னிச்சுக்கோடா என்று சொல்லியிருக்கலாம். "உன் வாத்தியம் சொத்தைடா" என்று சொல்லித் தொலைத்தேன். ஏன் இந்த வாய் எனக்கு?

10-8-86

பெங்களூர்க்காரர் வந்தார். கேட்க ஒன்றுமில்லாமல் போனார்.

19-9-86, வெள்ளி

ஐசக் பெங்களூர் கிளம்பிவிட்டான். அங்கே ஒரு அச்சகத்தில் வேலை. லூட்டைச் சரிசெய்யவும் அங்கே ஆள் இருக்கிறதாம். அம்மணி கட்டிக் கொடுத்த புளிச்சோற்றை வாங்கிக்கொண்டான். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. அம்மணி இன்னும் அழுதுகொண்டிருக்கிறாள், என்னைத் திட்டவுமில்லை. திட்டினால் தேவலை.

12-11-86, புதன்

அடைமழை. நரம்பு காய்வேனா என்கிறது. வேலை முடிந்த பிறகு அவனுக்காகத் தனியே திரிக்கிறேன். மட்டைக்குப் பதினைந்து இழை, இதற்கு இரண்டே இழை. முறுக்கு ஒரு சுற்று கூடினால் பட்டென்று போகிறது. இன்றைக்கு ஒன்பது போச்சு. மேஸ்திரி தட்சிணாமூர்த்தி, "இன்னாயா, காத்தாடி வுடப் போறியா?" என்று கேலி.

பத்தாவது நின்றது. மூன்று கிலோ கல்லைத் தொங்கவிட்டு விரலால் தட்டினேன். சின்னச் சத்தம்தான், ஆனால் கரகரப்பே இல்லை. அவன் சொன்னது இதுதானா? பொடிப்பயல் என்று நினைத்துச் சிரித்தேனே. வெட்கமாக இருக்கிறது.

6-1-87, செவ்வாய்

முதல் பார்சல் போட்டேன். உள்ளே சீட்டு: 'மேல் நரம்பு 0.44 மி.மீ. ஈரம் படாமல் வை. தாவீது.' மன்னிப்புக் கேட்டு எழுதிய மூன்று தாளையும் கிழித்துவிட்டேன்.

10-3-87, செவ்வாய்

இரண்டு பார்சல் போயாச்சு, பதில் இல்லை. அம்மணிக்குக் கால் வீங்கி, செருப்பு நுழையவில்லை. டாக்டர் கிட்னி என்கிறார். ஐசக்குக்கு எழுதட்டுமா என்றேன். "ஒடம்பக் காட்டி அவனக் கூப்டாத. கோவம் தணிஞ்சு அவனா வரட்டும்" என்றாள்.

எனக்கும் அது வசதியாகப் போயிற்று. நான் இறங்கி வந்ததாக ஆகாது.

28-5-87

மூன்றாவது பார்சல். ஆஸ்பத்திரி, பட்டறை, ஆஸ்பத்திரி.

29-7-87, புதன்

அம்மணியால் எழுந்து உட்கார முடியவில்லை. காலையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எழுதிடுயா. அவனப் பாக்கணும் போல கீது" என்றாள். சரி என்றேன்.

இந்த முறை திரித்த நரம்பு இதுவரை செய்ததிலேயே ஒசத்தி. காய இன்னும் நாலு நாள் வேண்டும். அதோடு கடிதத்தையும் சேர்த்து அனுப்பிவிடலாம். வெறும் கடிதம் என்றால் கெஞ்சுகிற மாதிரி இருக்கும். நரம்பைப் பார்த்தால் அவனுக்கே புரியும்.

1-8-87, சனி

தூறல். நரம்பு தொட்டால் பிசுபிசுக்கிறது. "எழுதிட்டியா?" என்றாள். போட்டாச்சு என்றேன். "அப்ப திங்கக்கிழம வந்துருவான்" என்று கணக்குப் போட்டாள்.

3-8-87, திங்கள்

இன்று நாலு தடவை வாசலைப் பார்க்கச் சொன்னாள். நாலு தடவையும் எழுந்துபோய்ப் பார்த்தேன்.

4-8-87

அம்மணி போயிட்டா. விடியற்காலம்.

5-8-87, புதன்

அச்சகத்துக்கு டிரங்க் கால் போட்டேன். கச்சேரி என்று லீவு போட்டு ஞாயிற்றுக்கிழமையே கோவா போய்விட்டானாம், விலாசம் தெரியாதாம். சாயங்காலம் அடக்கம் முடிந்தது. போன புதன்கிழமை அவள் கேட்டபோதே கடிதம் போட்டிருந்தால் சனிக்கிழமை அவன் கையில் இருந்திருக்கும்.

16-8-87, ஞாயிறு

மத்தியானம் வாசலில் "அக்கா!" என்று குரல். ஐசக். கோவாவிலிருந்து நேரே வந்திருக்கிறான், தோளில் லூட் பெட்டி. என்னைப் பார்த்துச் சிரித்தான், ஒரு வருஷம் கழித்து. "மாமா, உங்க நரம்புதான் போட்டு வாசிச்சேன். ஒண்ணுகூட அறுந்து போகல. அக்காவுக்கு வாசிச்சுக் காட்டலாம்னு வந்தேன். எங்க, கடைக்குப் போயிருக்கா?"

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். "ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா மாமா? ஓடி வந்திருப்பேனே" என்றான்.

"அக்காதான் எழுத வேணாம்னுச்சு."

"அக்கா அப்படித்தான்" என்று தலையை ஆட்டி ஆட்டி அழுதான். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டான். "அது வேணாம்னு சொன்னா நீங்க இன்னா மாமா பண்ணுவீங்க?"

ஆமாம்பா என்றேன்.