செத்த கம்புக்குக் குலவை

ஆத்தூர்,
9-3-1997.

அன்புள்ள அண்ணனுக்கு, கோமு வணக்கத்துடன் எழுதுவது. நானும் பிள்ளைகளும் சுகம். மதினிக்கு முட்டுவலி தேவலையா?

ஆற்று முகத்துவாரத்தில் ஆலைக்காரர்கள் கொட்டிய கழிவை அள்ளிவிட்டு, அங்கே பறவைகள் தங்க அலையாத்தி மரம் வளர்க்கும் காண்டிராக்டு என் வீட்டுக்காரர் எடுத்தது உங்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட வரும் அதிகாரி நீங்கள்தானாம். "நம்ம மச்சான்தான வாராவ" என்று சொல்லிச் சிரிக்கிறார்.

கழிவை அள்ளவே இல்லை அண்ணா. கரையிலேயே பரப்பி, மேலே ஒரு சாண் கடல்மணலைப் போட்டு மூடிவிட்டார்கள். நட்ட கன்றெல்லாம் பத்தே நாளில் கருகிவிட்டது. அதற்கு இவர் கண்டுபிடித்த வழியைக் கேட்டால் குமட்டும். அக்கரையில் உயிரோடு நிற்கும் மரங்களின் கிளைகளை வெட்டிவந்து, கல்யாண வாசலில் வாழை நடுகிற மாதிரி நடுகிறார்கள். அந்தக் கிளைகளில் கொக்குக் கூடுகள் இருந்தன. குஞ்சுகளைச் சேற்றில் உதறிவிட்டுக் கம்பை மட்டும் கொண்டுவந்தார்களாம். பறவைக்கு இடம் செய்கிற வேலையாம் இது. தூ!

நடுகிறவர்கள் கொற்கைப் பக்கத்து வயல்வேலைப் பெண்கள். நீங்கள் வரும்போது நாற்று நடவு மாதிரியே குலவை போட வேண்டும் என்று இவர் சொல்லியிருக்கிறார். சுடலைவடிவு என்பவள் மறுத்துவிட்டாள். "வேர் பிடிக்கிற நாத்துக்குத்தான் குலவை. செத்த கம்புக்குப் போட்டா எங்க வயலு வெளங்குமா" என்றாளாம். அன்றே அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

நேற்று வந்து காலைக் காட்டினாள். விரலிடுக்கெல்லாம் வெந்து தோல் உரிந்திருந்தது. அந்தச் சேற்று நாற்றம் இவர் சட்டையிலும் இருக்கிறது. எத்தனை துவைத்தும் போகவில்லை. இவருக்குச் சோறு போடும்போது என் கையைப் பார்த்தே எனக்கு அருவருப்பாக வருகிறது.

இதை எழுதினால் என் குடும்பம் என்னவாகும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

ஜீப்பில் இருந்தபடி பார்த்தால் எல்லாம் பச்சையாகத்தான் தெரியும். இறங்கி வந்து ஒரே ஒரு கம்பைப் பிடுங்கிப் பாருங்கள். பிடுங்கிவிட்டால், மதினியிடம் பின்கட்டு அறையை ஒழித்து வைக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு ஏப்ரலில் பரீட்சை முடிகிறது. பிடுங்காமல் கையெழுத்துப் போட்டால் என் கையால் சாப்பிட வர வேண்டாம். அப்படியே சென்னைக்கு ரயிலேறிவிடுங்கள்.

திருச்செந்தூர் முருகன் உங்களுக்குத் துணையிருக்கட்டும். பதில் போடாதீர்கள். இந்த வீட்டில் தபாலைப் பிரிப்பவர் அவர்தான்.

உங்கள் தங்கை,
கோமு