நீ கேட்ட மலைவழி

மதுராந்தகம்,
16.11.2025

அன்புள்ள ஜெயந்த்துக்கு,

அப்பா எழுதுவது. அம்மா நன்றாக இருக்கிறாள். நான் எப்படி இருக்கிறேன் என்பதை நேற்று நீ அம்மாவிடமே கேட்டுவிட்டதால் அதைத் தனியாக எழுதவில்லை. நீயும் சுப்ரஜாவும் பிள்ளைகள் இரண்டும் மெல்பர்னில் சுகமாக இருப்பீர்கள்.

போனில் சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்பாய். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் எனக்கு மூச்சு வாங்குகிறது. நடுவில் நீ "சொல்லுங்கப்பா, சொல்லுங்கப்பா" என்று விரட்டுவாய். சொல்ல வந்தது போய்விடும். எழுதினால் யாரும் விரட்ட முடியாது. எதிர்வீட்டு செல்வராஜ் இதைப் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்புவான். அவனும் படிப்பான். படிக்கட்டும், அவனுக்குத் தெரியாதது இதில் ஒன்றும் இல்லை.

ஜனவரியில் உன் ஆபீஸ் நண்பர் குடும்பத்தோடு வருகிறாயாம். மூன்று நாள் மலைப்பக்கம் சுற்ற வேண்டுமாம். போன தடவை மாதிரி அப்பாவை வழி எழுதித் தரச் சொல் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். எழுதுகிறேன். மாமல்லபுரத்தில் வேன் போட்டு முப்பத்தோரு வருஷம் ஊரார் குடும்பங்களை மலை ஏற்றி இறக்கியவன், பெற்ற பிள்ளைக்கு வழி சொல்ல மாட்டேன் என்றா சொல்லப் போகிறேன்?

நண்பர் குடும்பம் மாமல்லபுரத்தில்தான் தங்குமாம், அதனால் முதல் நாள் காலை ஐந்தரைக்கு அங்கிருந்தே கிளம்பிவிடு. திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு, காஞ்சிபுரம். காஞ்சிபுரம் தாண்டி டிபன். பிள்ளைகளுக்கு இட்லி மட்டும் போதும். பூரி, வடை எதையும் காட்டாதே, மூன்றாவது வளைவில் ஸீட்டெல்லாம் நாறிப் போகும். அப்புறம் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி. ஆம்பூரில் பிரியாணி சாப்பிட்டே ஆகவேண்டும் என்பார்கள். பார்சல் வாங்கிக்கொண்டு மேலே போய்ச் சாப்பிடுங்கள். ஏலகிரிக்குப் பதினாலு கொண்டை ஊசி. ஏறுகிற வண்டிக்குத்தான் இறங்குகிற வண்டி வழி விட வேண்டும். இப்போது கார் ஓட்டுகிற பையன்களுக்கு அது தெரியாது, அதனால் நீ ஹாரன் அடித்துக்கொண்டே ஏறு. எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குகிறவன் டிரைவரே இல்லை.

ஜூலையில் எழுதிக் கொடுத்தபோது முக்கால் மணி நேரத்துக்கு ஒரு இடத்தில் நிறுத்தச் சொல்லியிருந்தேன். எந்தப் பெட்ரோல் பங்கில் கக்கூஸ் சுத்தமாக இருக்கும், எந்த ஓட்டலில் படி ஏற வேண்டியதில்லை என்று மூன்று நாள் உட்கார்ந்து யோசித்து, பழைய டிரைவர்களுக்கெல்லாம் போன் போட்டு விசாரித்து எழுதினேன். நீ அதைப் பார்த்துவிட்டு, "எதுக்குப்பா இத்தனை ஸ்டாப்பு? பசங்க கூட இவ்ளோ கேக்க மாட்டாங்க" என்று சிரித்தாய். பாதிக்கு மேல் அடித்தும் விட்டாய். காலையில் நீர் மாத்திரை போட்டால் மதியம் வரைக்கும் எனக்கு அரை மணிக்கு ஒரு தடவை போக வேண்டும். அதை மருமகள் எதிரில் எப்படிச் சொல்வது? அந்த இடங்களெல்லாம் எனக்காக எழுதியவை, ஜெயந்த்.

ஆமாம், நானும் வருகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ என்னிடம் வா என்று சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை. மலைக்கு வண்டி கிளம்புகிறது, வழியும் நான் எழுதியது, முன் ஸீட்டில் நான் இல்லாமலா என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். உன் அம்மாவும் அப்படித்தான் நினைத்து மூன்று நாளைக்கு மாத்திரை எடுத்து டப்பாவில் போட்டாள். கிளம்புகிற அன்று விடியலில் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, புதிதாக வாங்கின மஃப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வாசலில் நின்றேன். நீ வாடகைக்கு எடுத்த வண்டியில் ஏழு ஸீட். நீங்கள் நாலு பேர், சம்பந்தியும் சம்பந்தியம்மாவும். மிச்சமிருந்த ஒரு ஸீட்டை மடக்கிப் பெட்டிகளை அடுக்கியிருந்தாய். என்னைப் பார்த்ததும், "அப்பா, காலங்காத்தால நீங்க எங்க கிளம்பிட்டீங்க?" என்று கேட்டாய்.

தெருமுனைக்கு டீ குடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். மஃப்ளரோடு, ஜூலை மாதத்தில், மதுராந்தகத்தில்! அதையும் நீ நம்பினாய். நம்பிவிட்டு, சர்க்கரை போடாமல் குடிக்கச் சொன்னாய். நானும் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளத் தெருமுனை வரைக்கும் நடந்து போய் நின்றேன். உங்கள் வண்டி என்னைத் தாண்டிப் போயிற்று. சின்னவன் ஆதித்யா மட்டும் கண்ணாடியில் முகத்தை வைத்துக் கையாட்டினான்.

இரண்டாம் நாள் வழியைச் சொல்கிறேன். ஏலகிரியை எட்டு மணிக்கெல்லாம் இறங்கிவிடு. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம், காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர். ஜவ்வாது மலையில் கூட்டம் கிடையாது. ரோடு குறுகல், எதிரில் பஸ் வந்தால் ஓரம் கட்ட முன்கூட்டியே இடம் பார்த்துக்கொள். மழை பெய்த மறுநாளாக இருந்தால் மேட்டுப் பக்கம் ஒட்டியே போ, பள்ளத்துப் பக்கம் மண் இளகியிருக்கும். அங்கே தேன் கிடைக்கும், சாமை கிடைக்கும். உன் நண்பருக்கு வாங்கிக் கொடு.

போன தடவை நீ இந்த ரோட்டில் இருந்த நேரத்தில் இங்கே நடந்ததை உன்னிடம் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். இப்போது சொல்கிறேன். பதினொரு மணி இருக்கும். உட்கார்ந்தபடியே எனக்கு மூச்சு அடைத்துக்கொண்டது. நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டதாம், பிறகு சொன்னார்கள். அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. செல்வராஜ்தான் என்னைத் தூக்கி அவன் ஆட்டோவில் போட்டுக்கொண்டு செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். வழியெல்லாம், "பேசாத அண்ணாத்த, மூச்சை மட்டும் இழு, தோ வந்துகினே கீறோம்" என்று கத்திக்கொண்டே ஓட்டினான். அம்மா உனக்குப் போன் போட எடுத்தாள். அந்த மூச்சிலும் நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "அவன் இப்ப வளைவுல இருப்பான் பூங்கொடி. போன் அடிச்சா ஒரு கையை எடுப்பான். மலை எறங்கட்டும்" என்றேன். மலை ரோட்டில் இருக்கிறவனுக்கு வீட்டுக் கெட்ட செய்தியைச் சொல்லக் கூடாது என்பது எங்கள் வேன் ஸ்டாண்டில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம்.

நீ சாயங்காலம் மலை இறங்கியிருப்பாய். அப்போதும் அவளைப் போட விடவில்லை. அது சட்டம் இல்லை, வீம்பு. ஒத்துக்கொள்கிறேன். மறுநாள் மதியம், இன்னும் இரண்டு நாள் இருக்க வேண்டும் என்று அவர்கள் சொல்லச் சொல்ல, என் பொறுப்பில் போகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். நீங்கள் வரும்போது ஆஸ்பத்திரியில் கிடந்தால் எல்லோர் சந்தோஷமும் கெடும் என்று.

அன்று இரவு வந்ததும் நீ என் பக்கத்தில் உட்கார்ந்து போனில் போட்டோ காட்டினாய். அருவி, மலை, பிள்ளைகள், நீயும் சுப்ரஜாவும், மறுபடி அருவி. முந்நூறு இருக்கும். ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்க்கச் சொல்லி என் கையில் கொடுத்தாய். ஊசி போட்ட கை வீங்கியிருந்தது, புறங்கையில் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. போட்டோவைத் தள்ளித் தள்ளிக் காட்டிய உன் விரலுக்கு நாலு அங்குலத்தில்தான் அது இருந்தது. என்னப்பா இது என்று நீ கேட்பாய், கேட்பாய் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. வயிறு எரிந்தது ஜெயந்த். பொய் சொல்ல மாட்டேன்.

டாக்டர் மலை ஏறக் கூடாது என்று சொல்லியிருப்பார், அதனால்தான் விட்டுவிட்டுப் போனான் என்று நானே உனக்காகச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அடுத்த தடவை போனபோது அவரிடமே கேட்டேன். "ஏலகிரிதானே? மெதுவா ஓட்டச் சொல்லிட்டுப் போயிருக்கலாமே, என்கிட்ட யாரும் கேக்கலையே" என்றார். வந்திருந்தால் அந்த மூச்சடைப்பு மலை மேலேயே வந்திருக்கும் என்பாய். வந்திருக்கட்டுமே. நீயாவது பக்கத்தில் இருந்திருப்பாய்.

இதையெல்லாம் கூட மறந்திருப்பேன். சம்பந்தி ஊருக்குக் கிளம்புகிற அன்று காப்பி குடித்துக்கொண்டே, வெள்ளை மனசு அவருக்கு, வாய்விட்டுச் சொல்லிவிட்டார். "நல்ல வேளை, மாப்பிள்ளை யோசிச்சு இப்பவே கூட்டிட்டுப் போயிட்டார். அப்புறம்னா ஒரு வருஷம் மலை ஏற முடியாதே" என்றார். சொன்ன பிறகுதான் நான் எதிரில் உட்கார்ந்திருப்பது அவருக்கு உறைத்தது. முகத்தில் ஈயாடவில்லை. சம்பந்தியம்மா எழுந்து பையை மறுபடி மறுபடி சரிசெய்துகொண்டிருந்தார்கள். பெற்றவன் செத்தால் பிள்ளை ஒரு வருஷம் மலை ஏறக் கூடாது என்பதை எனக்கா சொல்லித்தர வேண்டும்? நான் சாவதற்குள் மலையைப் பார்த்துவிடலாம் என்றுதான் லீவு போட்டு வந்திருக்கிறாய். நான்தான் என்னைப் பார்க்க வந்தாய் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உன் தாத்தா இறந்தபோது உனக்கு நாலு வயது. என் பிழைப்பே மலைச் சவாரிதான். இருந்தும் ஒரு வருஷம் முழுக்க மலைப்பக்கம் வண்டியைத் திருப்பவில்லை. காஞ்சிபுரம், புதுச்சேரி, செய்யூர் என்று சமதரையிலேயே ஓட்டினேன். ஸ்டாண்டில் மணி என்று ஒரு டிரைவர், "அடிவாரம் வரைக்கும் போயிட்டு அங்கேர்ந்து வேற ஆளை வுட்டு ஓட்டேன், இன்னா இப்போ" என்று கேலி செய்வான். எனக்கு மனசு வரவில்லை. அப்படி இருந்ததில் எனக்கு வருத்தமும் இல்லை. அப்பாவுக்குச் செய்ய எனக்கு வேறு என்ன இருந்தது?

மூன்றாம் நாள் சுலபம். ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கு இறங்கி, சேத்துப்பட்டு, வந்தவாசி வழியாக மதுராந்தகம். இறங்கி முடித்ததும் வண்டியைக் கொஞ்ச நேரம் நிறுத்திச் சக்கரத்துப் பக்கம் போய் மோந்து பார், கருகின வாடை அடித்தால் ஆற விடு. வந்தவாசி ரோட்டில் இரண்டு பக்கமும் வயல். ஜனவரியில் அறுப்புக்கு நிற்கும், உன் நண்பருக்குப் பிடிக்கும். இங்கே மழை நன்றாகப் பெய்து ஏரி நிரம்பிவிட்டது, அதையும் காட்டு. வழி இவ்வளவுதான். எதையும் மறைக்கவில்லை.

இனி நேற்றைய போன். அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்று ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், நான் கட்டிலில் படுத்திருந்தேன். "ஜனவரி வரைக்கும் தாங்குவாராம்மா? டாக்டர் என்ன சொல்றாரு? டிக்கெட் போடணும், அதான்" என்றாய். அவள் போனை அப்படியே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். லைன் கட்டாகிவிட்டது என்று நீ நினைத்திருப்பாய். நாற்பது வருஷத்தில் அவள் அப்படி விசும்பி அழுது நான் கேட்டதில்லை. அவளை இனிமேல் அதைக் கேட்காதே. கேட்பதானால் என்னைக் கேள்.

என்னிடமும் தேதி இல்லை. ஆனால் உன் சிக்கலை நான் தீர்த்துவிட்டேன். என் பெரியப்பா மகன் ஹரிஹரனையும் பங்காளிகள் இரண்டு பேரையும் வரவழைத்து, அம்மா எதிரில் சொல்லிவிட்டேன். நான் போன பிறகு என் பிள்ளைக்கு அந்த ஒரு வருஷம் கிடையாது, பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே அவன் மலை ஏறலாம், யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று. ஹரிஹரன் கோபித்துக்கொண்டு எழுந்து போனான். போகட்டும். சம்பந்தி வீட்டில் யாராவது கேட்டால் இந்தக் கடிதத்தைக் காட்டு. என் கையெழுத்து அவர்களுக்குத் தெரியும்.

ஆகவே மலைக்கு இனி அவசரம் இல்லை, ஜெயந்த். அது எங்கும் போகாது. நண்பர்களோடு எப்போது வேண்டுமானாலும் போ, பத்திரமாக ஏறி இறங்கு, பிள்ளைகளோடு நூறு வருஷம் நன்றாக இரு. என்னைப் பார்க்க என்று வருவதாக இருந்தால் மட்டும் ஜனவரி வரைக்கும் வைக்காதேப்பா.

இப்படிக்கு,
உன் அப்பா
அருணகிரி