4417-ஆம் கட்டம்

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதம் தணிக்கைக்குப் போகாது. விடுப்பு முடிந்து திரும்பும் உங்கள் படைச் சமையல்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் எரித்துவிடு.

அம்மாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை. அதோடுதான் இருபத்தாறு நாளாக நீரேற்று நிலையத்திலேயே படுத்து எழுகிறாள். அரசின் விண்தளத்துக்குத் தண்ணீர் போகும் குழாயை அவளும் மற்ற தொழிலாளர்களும் மூடிவிட்டார்கள். ஊருக்கான தண்ணீரில் பாதியைத் தளத்துக்குக் கேட்டால் வேறென்ன செய்வார்கள்? பக்கத்து வீட்டு மாமாவுக்கு இப்போதும் வாய் அடங்கவில்லை. "உலகத்துக்கே ஒரே அரசு, ஒரே படை. சண்டை போட வேற ஆளே இல்லன்னா நம்மகிட்டதானே வருவான்" என்கிறார். முதல் வாரம் எல்லோரும் சிரித்தோம்.

என் வேலை உனக்குத் தெரியும். படை அலுவலகத்தில், வரைபடத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் ஊர்ப்பெயரை நீக்கி எண் போடுவது, உத்தரவுகளில் அந்த எண்ணை அடித்துப் பிரிவுகளுக்கு அனுப்புவது. திங்கட்கிழமை ஓர் உத்தரவு வந்தது. வியாழன் காலை உன் பிரிவு 4417-ஆம் கட்டத்தில் இறங்க வேண்டும். தம்பி, அது நம் ஊர். இலக்கு நீரேற்று நிலையம். சொந்த ஊருக்கு யாரையும் அனுப்பக்கூடாது என்று விதி இருக்கிறது. பெயர்களை அழித்துவிட்ட பிறகு அதைச் சரிபார்க்கத்தான் அங்கே ஒருவருக்கும் வழியில்லை.

கடைசி இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி, 4471 என்று அடித்தேன். அனுப்புவதற்கு முன் அந்தக் கட்டத்தைத் திறந்து பார்த்தேன். ஒரு பள்ளிக்கூடம், ஒரு ரொட்டிக் கடை, மாடிகளில் காயும் துணிகள். திருத்திவிட்டு, சரியான எண்ணையே அனுப்பினேன். நம் ஊரை என் கையாலேயே அனுப்பினேன். இத்தனை படித்தும் எனக்கு வேறு வழி தெரியவில்லை. நீ என்னைத் திட்டலாம்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி, வீட்டுக்கு வா என்று கெஞ்சினேன். வர மறுத்துவிட்டாள். "நாலு வருஷமாச்சுடி அவனைப் பாத்து. எல்லாரும் முகமூடி போட்டிருப்பாங்களே, எனக்கு எப்படி அடையாளம் தெரியும்?" என்று மட்டும் கேட்டாள்.

வியாழனன்று நானும் அவள் பக்கத்தில் இருப்பேன். சுடாதே என்று உன்னிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. மறுப்பவர்களை அவர்கள் என்ன செய்வார்கள் என்று தெரியும். இறங்கியதும் முகமூடியைக் கழற்றிவிடு. உன்னோடு வருகிறவர்களையும் கழற்றச் சொல்.

நீ நன்றாக இருக்க வேண்டும், கண்ணா.

உன் அக்கா