பட்டியலில் காட்டாத ரெண்டு

1986 ஜூலை 7, திங்கள்
புழுக்கம். மேகம் கூடி ஏமாற்றியது. பேத்தி பிலோ, தான் வேலை பார்க்கும் தட்டாஞ்சாவடி கம்பெனிக் கம்ப்யூட்டரை ரிக்ஷாவில் ஏற்றி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். தாத்தாவை விட்டுப் போக முடியாதே. எதிர்வீட்டு மரி, "டிவியா மதலேன்?" என்றாள். என் தோசைக்கல்லை வாங்கிப் போய் இன்றுவரை தராதவள். கதவைச் சாத்தினேன்.

பக்கவாதம் வந்ததிலிருந்து அவர் வாயில் யார் பேரும் இல்லை. காலையில் என்னைப் பார்த்து "போன்ழூர் மதாம்." பிரெஞ்சு ஆபீசில் துரைசானிகளுக்குக் கதவு திறந்து வணக்கம் சொன்ன பழக்கம். கல்யாணமான நாளிலிருந்து பொங்கிப் போட்டவள் மதாமாம். ஒரே ஒரு தடவை மதலேன் என்று கூப்பிட்டால் போதும்.

ஜூலை 9, புதன்
பிலோ வேலை இதுதான்: கம்ப்யூட்டரை எழுப்ப ஒரு பிளாப்பித் தட்டு தயார் பண்ணுவது. யாரோ மில்காரர் கணக்கும் அதிலேயே அடங்க வேண்டும். இடம் போதவில்லை. ஒவ்வொரு ஃபைலாக அழிக்கிறாள், அணைத்துப் போடுகிறாள், எழுகிறதா என்று பார்க்கிறாள். எழுந்ததும் தேதி கேட்கிறது. அதுவாக வைத்திருப்பது எண்பதாம் வருஷம் சனவரி ஒன்று. எப்போது எழுப்பினாலும் அதே நாள்.

"காலையில சொன்னது ஞாபகம் இல்லியா அதுக்கு?"

"அணைச்சா எல்லாம் போயிடும் ஆயா."

உள்ளறையிலிருந்து அவர் குரல். என்ன தேதி மதாம் என்று.

ஜூலை 10, வியாழன்
வாங்க: மண்ணெண்ணெய், சீயக்காய், அவருக்குத் தைலம்.
திரையில் ஒரே ஒரு ஃபைல்தான் மிச்சம். அப்போதும் எழுகிறது. இது ஒன்றே போதுமா என்றேன்.

"இன்னும் ரெண்டு இருக்கு ஆயா. லிஸ்ட்ல காட்டாது. அடியில கெடக்கும். அதுங்கதான் மொதல்ல எழுந்து மத்தத எழுப்புது."

அவருக்கு அடியில் கிடப்பது நான்தான். வேறு யார்.

ஜூலை 12, சனி
போன்ழூர் போய்விட்டது. மதாமும் போய்விட்டது. பிலோவையும் தெரியவில்லை.
கம்ப்யூட்டரும் தேதி கேட்பதில்லை, பிலோ அதை நிறுத்திவிட்டாள். கருப்புத் திரை, ஓரத்தில் சின்னதாக ஒரு வெளிச்சம் துடிக்கிறது. எதற்கோ காத்திருக்கிறது. கட்டிலோரம் உட்கார்ந்து, நான் யார், நான் யார் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவரைத் தொல்லை பண்ணாதே என்று பிலோ அதட்டினாள். இதையும் மறக்க மாட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு
காற்றே இல்லை. பிலோ மாதா கோயில் பூசைக்குப் போயிருக்கிறாள். அவர் தானாக எழுந்து உட்கார்ந்தார். குரல் சின்னப் பிள்ளையுடையது.

"ஆயா, அப்பா வராரு. என்னைய ஒளிச்சு வையி."

அப்பா. என் மாமனார். நான் இப்போது அவருடைய ஆயாவாம். மாமனார், என் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்காமலே செத்தவர். கல்லறையில் வைத்து முப்பது வருஷம். இவர் முதுகுத் தழும்பைப் பற்றி நான் கேட்கும்போதெல்லாம் மரத்திலிருந்து விழுந்தேன் என்பார்.
அடியில் கிடந்தது அந்த ஆள்.
நான் யார் என்று கேட்கவில்லை. முந்தானையை அவர் தலையில் போட்டு மூடி, அணைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் மடிக்குள் ஒடுங்கினார்.
வாசலில் இருமல். ஆண்பிள்ளை இருமல், முப்பது வருஷமாகக் கேட்காதது. எட்டிப் பார்க்கவில்லை.